ஐந்து பிரீமியம் கட்டிய பாலிசி: தொடர்வதா, விடுவதா?

கும்பகோணத்தில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் என் மாமா 2020 மார்ச்சில் 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) ஒன்று எடுத்தார். காப்பீட்டுத் தொகை 10 லட்சம், ஆண்டுப் பிரீமியம் 50,000 ரூபாய். ஐந்து பிரீமியம் கட்டியாயிற்று. 2025 மார்ச்சில் ஆறாவது பிரீமியத்துக்கு நாள் வந்தபோது அதைக் கட்டுவதா, பாலிசியை விட்டுவிடுவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அந்த முடிவைத்தான் இங்கே ஆராய்கிறேன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை, எண்களை வட்டமாக்கியிருக்கிறேன்.

பாலிசி எடுத்த அதே மாதத்தில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் ஸ்டேஷனரிக் கடைக்கு என்ன வியாபாரம் இருக்கும்? முதல் இரண்டு பிரீமியத்தைக் கையிருப்பிலிருந்து சமாளித்துவிட்டார்கள். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் மார்ச் மாதம் அத்தையின் நகை அடகுக்குப் போனது, ஒவ்வொரு முறையும் 50,000. ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். தனியார் நிதி நிறுவனம், 14 சதவீத வட்டி. 1.5 லட்சம் கடனுக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய்.

நான் போனபோது மேசையில் பாலிசிப் பத்திரமும் மூன்று அடகுச் சீட்டும் கிடந்தன. ஆனால் வீட்டில் யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. பாலிசி என்பது மகளின் எதிர்காலம், அடகு என்பது கடைக் கஷ்டம். இரண்டும் அவர்கள் மனதில் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தன. நடத்தைப் பொருளியலில் இதற்கு மனக்கணக்கு என்று பெயர். இதைப் பற்றி விரிவாக எழுதிய ரிச்சர்ட் தாலருக்கு 2017-ல் பொருளியல் நோபல் கிடைத்தது.

பாலிசியை நிறுத்தலாமா என்ற பேச்சு வந்ததும் ஏஜெண்ட் சொன்னது: "பாதிக் கிணறு தாண்டியாச்சு சார், இப்பப் போய் நிறுத்தலாமா?" அத்தை சொன்னது: "ஏம்ப்பா, ரெண்டரை லட்சம் கட்டியிருக்கோம். அதை விட்டுட்டு வந்தா நஷ்டம்தானே?"

ஏஜெண்டின் கணக்கிலேயே பிழை இருந்தது. இருபதில் ஐந்து என்றால் கால் கிணறுதான். அத்தையின் கேள்வி வேறு, அதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். திரும்ப வராத பணத்தை மூழ்கிய செலவு என்கிறது பொருளியல். அடுத்து என்ன செய்தாலும் அது மாறாது என்பதால் அடுத்த முடிவில் அதற்கு இடமில்லை என்பது பாடப்புத்தக விதி. மனிதர்கள் அப்படி நடப்பதில்லை என்பதை 1985-ல் வெளியான ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் ஆய்வு அழகாகக் காட்டியது. ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்த முதல் 60 பேரில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே டிக்கெட் கொடுத்தார்கள். சிலருக்கு 2 டாலர், வேறு சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் போலத்தான். கையில் இருப்பது ஒரே டிக்கெட், பார்க்கப்போவது ஒரே நாடகங்கள். ஆனால் சீசனின் முதல் ஐந்து நாடகங்களில் முழு விலை கொடுத்தவர்கள் சராசரியாக 4.11 நாடகம் பார்த்தார்கள், தள்ளுபடி பெற்ற இரு குழுவினரும் 3.3 அளவில் நின்றார்கள். கொடுத்த காசுதான் அவர்களை அரங்குக்கு இழுத்தது. சீசனின் பிற்பாதியில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது.

அத்தையின் ஆதங்கம் இதே வகைதான். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இணையத்தில் பணம் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் அதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். "எண்டோமென்ட் மோசம், உடனே சரண்டர் செய், கட்டினதை மற" என்கிறார்கள். சரண்டர் என்றால் பாலிசியை நிறுவனத்திடமே ஒப்படைத்துவிட்டு, அது தரும் தொகையை வாங்கிக்கொள்வது. கட்டியதை மறப்பது சரி. ஆனால் மறந்துவிட்டால் தானாக 'வெளியேறு' என்ற விடை வந்துவிடாது. இன்றிலிருந்து கணக்குப் போட வேண்டும், அந்தக் கணக்கு எந்தப் பக்கமும் சாயலாம்.

அதற்கு முதலில் தேவைப்பட்டது நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு கடிதம்: இன்று சரண்டர் செய்தால் எவ்வளவு, பிரீமியத்தை நிறுத்தி பாலிசியைப் பெய்ட்-அப் ஆக (கட்டியவரைக்கும் உரிய குறைந்த தொகையோடு முதிர்வுவரை) விட்டால் எவ்வளவு, இதுவரை சேர்ந்த போனஸ் எவ்வளவு. ஏஜெண்ட் வாயால் சொல்வது போதாது. கடிதத்தில் வந்தவை: சரண்டர் மதிப்பு 1.6 லட்சம், சேர்ந்த போனஸ் 2 லட்சம், பெய்ட்-அப் ஆக்கினால் 2040-ல் கிடைப்பது 4.5 லட்சம்.

2.5 லட்சம் கட்டியதற்கு 1.6 லட்சம்தானா என்று மாமா கொதித்தார். இந்த வகைப் பாலிசிகளில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் கணிசமான பங்கு கமிஷனுக்கும் விற்பனைச் செலவுக்கும் போய்விடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2019 விதிகளின்படி குறைந்தபட்ச சரண்டர் மதிப்பு, கட்டிய பிரீமியத்தில் இரண்டாம் ஆண்டில் 30 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 35, நான்கிலிருந்து ஏழாம் ஆண்டு வரை 50, கடைசி இரண்டு ஆண்டுகளில் 90. ஒரே ஒரு பிரீமியத்தோடு நிறுத்தியவருக்கு அப்போது எதுவும் கிடையாது. 2024 அக்டோபரிலிருந்து முதல் ஆண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே ஒரு தொகை தர வேண்டும் என்று விதி மாறியது. நல்ல மாற்றம். மாமாவின் விஷயத்தில் 2.5 லட்சத்தில் பாதியான 1.25 லட்சமும் போனஸின் இன்றைய மதிப்பும் சேர்ந்து 1.6 லட்சம் ஆகியிருந்தது.

ஆக உண்மையில் மூழ்கியது 90,000 ரூபாய். அதிலும் ஐந்தாண்டு 10 லட்சம் காப்பீடு இருந்திருக்கிறது, அந்த அளவுக்கு ஏதோ வாங்கியிருக்கிறார்கள். மீதி 1.6 லட்சம் மூழ்கவில்லை, கேட்டால் வந்துவிடும். அதனால் 'ரெண்டரை லட்சம் கட்டியிருக்கோம்' என்பது இந்த முடிவுக்கு உதவாத எண். 'கையில் 1.6 லட்சம் இருக்கிறது, அதையும் இனி ஆண்டுக்கு 50,000-ஐயும் எங்கே போடலாம்' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒப்பிட பிபிஎஃப்பை, அதாவது அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டத்தை, எடுத்துக்கொண்டேன். 2020 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை அதன் வட்டி 7.1 சதவீதமாகவே இருந்தது. முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை என்பதில் இந்தப் பாலிசியும் பிபிஎஃப்பும் சமம். பாலிசியை விட்டால் காப்பீடும் போய்விடும் என்பதால், அதே 10 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு) எடுக்க ஆண்டுக்கு 4,000 ஒதுக்கி, 46,000-தான் பிபிஎஃப்புக்குப் போகும் என்று வைத்தேன். (பிபிஎஃப்பில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரம்பு உண்டு. முதல் ஆண்டில் மிஞ்சுவதை அடுத்த ஆண்டு போட்டாலும் விடை பெரிதாக மாறாது.)

2020-ல், ஒரு ரூபாயும் கட்டாத நிலையில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பாலிசி தோற்றிருக்கும். ஏஜெண்ட் சொன்னபடி போனஸெல்லாம் வந்தால் 2040-ல் கிடைப்பது சுமார் 19 லட்சம். ஆண்டுக்கு 5.8 சதவீதம் போல. டேர்மும் பிபிஎஃப்பும் சேர்ந்திருந்தால் 20.4 லட்சம். போனஸ் உறுதியானதல்ல, ஆண்டுதோறும் அறிவிப்பது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதை வாங்கியிருக்கவே கூடாது.

2025-ல் அதே பாலிசி வேறு பொருளாகிவிட்டது. இன்று 1.6 லட்சத்தை உள்ளேயே விட்டு, இன்னும் 15 பிரீமியம் கட்டி, 2040-ல் 19 லட்சம் பெறுவதற்கு வருமான விகிதம் 7.6 சதவீதம். டேர்ம் பாலிசிக்கான 4,000 மிச்சமாவதையும் சேர்த்தால் 8.2. சரண்டர் செய்து டேர்ம், பிபிஎஃப் வழியில் போனால் 2040-ல் சேர்வது சுமார் 17 லட்சம்தான். பெய்ட்-அப் ஆக விட்டு, இனிக் கட்டவேண்டிய பணத்தை மட்டும் பிபிஎஃப்பில் போட்டாலும் அதே 17 லட்சம். போனஸ் கொஞ்சம் குறைந்தாலும் தொடர்வதுதான் முந்துகிறது.

வாங்கியது தவறு, தொடர்வது சரி. இரண்டும் ஒரே பாலிசியைப் பற்றி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். செலவுகளெல்லாம் முன்னாலேயே போய்விட்டதால், மீதிப் பயணம் முன்பைவிட மலிவாகிவிடுகிறது. ஐந்தாண்டு கட்டியவரிடம் கண்ணை மூடிக்கொண்டு 'சரண்டர் செய்' என்று சொல்கிறவர் அவருக்கு இரண்டாவது முறை நஷ்டம் வைக்கிறார். இது என்னை உண்மையாகவே வருத்துகிற விஷயம், ஏனென்றால் அந்த அறிவுரை நல்ல எண்ணத்தோடுதான் வருகிறது.

ஆக, கடன் இல்லாத வீடாக இருந்தால் நான் "கட்டுங்கள் மாமா" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் மேசையில் மூன்று அடகுச் சீட்டு இருந்தது.

பாலிசியில் இருக்கும் பணம் 8.2 சதவீதம் ஈட்டுகிறது. அதைக் காப்பாற்ற வாங்கிய பணம் 14 சதவீதம் தின்கிறது. 1.5 லட்சத்துக்குப் பாலிசி ஆண்டுக்கு 12,300 சேர்க்கிறது, அதுவும் 2040-ல் தரப்போவதாக. அதே 1.5 லட்சத்துக்கு அடகுக்கடை 21,000 கேட்கிறது, அதுவும் இந்த ஆண்டே, கைக்காசாக. ஆறாவது பிரீமியத்துக்கு அத்தையின் வளையலும் போனால் அந்தப் பள்ளம் இன்னும் அகலமாகும். அடகை வங்கிக்கு மாற்றினால் 9, 10 சதவீதத்துக்குக் கிடைக்கலாம், பாலிசி மேலேயே கடன் வாங்கலாம். இரண்டையும் பார்த்தோம். வட்டி குறையும்தான், ஆனாலும் 8.2-க்கு மேலேதான் நிற்கிறது. அதோடு ஆண்டுதோறும் புதிதாக 50,000 கடன் வாங்குவது அப்போதும் நிற்காது.

நகையை விற்றுக் கடனை அடைத்தால்? 2022 மார்ச்சில் சவரன் 40,000 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025 மார்ச்சில் 65,000-ஐத் தாண்டிவிட்டது. கொஞ்சம் விற்றாலே கடன் முடிந்துவிடும், பாலிசியும் தொடரும். காகிதத்தில் இது நல்ல வழி. அத்தை ஒரே வார்த்தையில் மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. அடகில் இருந்த சங்கிலி அவருக்கு அவருடைய அம்மா போட்டது. நுகர்வோர் தன் பயன்பாட்டை உச்சமாக்குகிறார் என்று பொருளியல் சொல்லும்போது, எது பயன் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். அத்தைக்கு அந்தச் சங்கிலி கழுத்தில் இருப்பதன் மதிப்பு சந்தை விலையைவிட அதிகம் என்றால், அது கணக்கில் ஏற்றவேண்டிய தகவல், திருத்தவேண்டிய பிழை இல்லை. 'கட்டினது போச்சே' என்பதற்கும் 'அம்மா நகை' என்பதற்கும் இதுதான் வேறுபாடு. முன்னது முடிந்துபோன செலவு. பின்னது நாளைக்கும் கிடைக்கப்போகிற நிம்மதி.

பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தில் சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி வரும். ஜெர்மானியரான கோஸென் 1854-ல் எழுதிவைத்த கருத்து அது: ஒவ்வொரு செலவிலும் கடைசி ரூபாய் தரும் பயன் சமமாகும் வரை பணத்தை இங்கிருந்து அங்கே மாற்றினால்தான் மொத்தப் பயன் உச்சத்தை அடையும். தேர்வுக்காகப் படிக்கும்போது வறட்சியாக இருக்கும். அத்தை இதைக் காய்கறிக் கடையில் நாள்தோறும் செய்கிறார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ரசத்தில் புளியைக் கூட்டினார், தக்காளித் தொக்கை நிறுத்தினார், மிச்சமான காசில் முட்டை வாங்கினார். முந்தின வாரம் வாங்கிய விலையைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இன்றைய விலை, இன்றைய தேவை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் பாலிசி விஷயத்தில் ஏன் தடுமாறினார்? காய்கறியில் தவறு செய்தால் அன்று மாலையே தெரிந்துவிடும், மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இருபதாண்டுப் பாலிசியை வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் வாங்குகிறோம், தவறு தெரியவே பல ஆண்டு ஆகிறது. தெரியும்போது அதை ஒப்புக்கொள்வது வலிக்கிறது. சரண்டர் படிவத்தில் கையெழுத்துப் போடும் அந்த நொடியில் 90,000 ரூபாய் நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. அடகு வட்டியோ 7,000, 14,000, 21,000 என்று ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே சத்தமில்லாமல் போகிறது. மூன்று ஆண்டில் கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டபோது மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கே தெரிந்திருந்தது.

இந்த வீட்டில் ரூபாயின் இறுதிநிலைப் பயன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்பது இன்னொரு விஷயம். மார்ச்சில் கடையில் வியாபாரம் மந்தம். ஏப்ரல், மே மாதங்களில் புது நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் சரக்கு எடுக்கக் கைமுதல் வேண்டும். ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஒரு ரூபாய் மிக அருமையாக இருக்கும் நேரம் பார்த்து 50,000 கேட்கிறது பாலிசி. 2024-ல் சரக்குக் குறைவாக எடுத்ததால் ஜூன் வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்கு விட்டுக்கொடுத்ததாக மாமா சொன்னார். அந்த இழப்புக்கும் பாலிசிதான் காரணம், எந்தக் கடிதத்திலும் அது வராது.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை லேசாகத் தள்ள முடியாது. மாமாவே சொன்னார்: "பாலிசின்னா கட்டியே ஆகணும்னு கட்டுறோம். நம்ம கையில விட்டா சேருமா?" கட்டிய காசு கண்ணை உறுத்தட்டும், அதனாலாவது ஒழுங்காக இருப்போம் என்று மனிதர்கள் தெரிந்தே செய்வதுண்டு. ஆண்டுச் சந்தா கட்டி ஜிம்மில் சேருகிறவர்களின் எண்ணமும் இதுதான். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவுகளை ஆராய்ந்து டெல்லாவிக்னா, மால்மெண்டியர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு முறைக்கு 17 டாலர் ஆனது. பத்து முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் 10 டாலரில் முடிந்திருக்கும். கட்டாயத்துக்கு விலை உண்டு, சில சமயம் அந்த விலைக்குப் பொருள் கிடைப்பதில்லை.

மாமா வீட்டில் கட்டாயச் சேமிப்பு முதல் இரண்டு ஆண்டுதான் உண்மையாக நடந்தது. பிறகு ஒரு கையால் சேமித்ததை இன்னொரு கையால் கடன் வாங்கினார்கள். சேர்ந்ததெல்லாம் அடகுச் சீட்டுதான். ஆனாலும் அவர் பயம் நியாயமானது. விடுபடும் பணத்தை வேறொரு கட்டாயத்தில் பூட்டாவிட்டால் அது கரைந்துவிடும். ஆகவே அதைத் திட்டத்திலேயே சேர்த்தோம்.

செய்ததற்கு ஒரு வரிசை இருந்தது, அந்த வரிசை முக்கியம். முதலில் 25 லட்சத்துக்கு டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, அது கைக்கு வரும்வரை பழைய பாலிசியைத் தொடவில்லை. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அதற்குள் முடிந்துவிட்டது. இடையில் ஒருநாள்கூடக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து டேர்ம் மறுக்கப்பட்டிருந்தால் என் விடையே மாறியிருக்கும், ஏனென்றால் அப்போது பழைய பாலிசியில் இருக்கும் 10 லட்சம் காப்பீடு வேறெங்கும் வாங்க முடியாத பொருளாகிவிடும்.

அடுத்து சரண்டர். 1.6 லட்சம் கணக்கில் வந்ததும் 1.5 லட்சம் அடகை முடித்து நகையை மீட்டார்கள். மிஞ்சிய 10,000 அந்த ஆண்டின் வட்டிப் பாக்கிக்குச் சரியாகப் போயிற்று.

இனி ஆண்டுக்கு 50,000 பிரீமியமும் இல்லை, 21,000 வட்டியும் இல்லை. அந்த 71,000-ல் புது டேர்ம் பிரீமியம் சுமார் 10,000. மாதம் 4,000 வீதம் பிபிஎஃப்புக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்தாயிற்று, ஆண்டுக்கு 48,000. ஐந்தாம் தேதியே போய்விடும், மாமா கையால் எடுத்துக் கட்ட வேண்டியதில்லை. மீதி 13,000 ஏப்ரல் சரக்குக்கு.

இதில் நிச்சயமாகச் சொல்லமுடியாதது அந்த மாதாந்திர 4,000 எத்தனை ஆண்டு ஓடும் என்பதுதான். ஓடினாலும் 2040-ல் கையில் இருப்பது பாலிசி தந்திருக்கக்கூடிய 19 லட்சத்தைவிடக் குறைவுதான், கடன் இல்லை என்பதுதான் லாபம். நின்றுவிட்டால் அது இன்னும் குறையும். அதனால் ஒவ்வோர் ஏப்ரலிலும் பாஸ்புக்கைப் பார்ப்பது என்று அத்தை பொறுப்பெடுத்திருக்கிறார். அவருக்கு இப்போது இருக்கும் ஒரே சந்தேகம், 4,000-ஐ 5,000 ஆக்கலாமா, இல்லை அந்த ஆயிரத்தைக் கடைச் சரக்கில் போட்டால் அதிகம் வருமா என்பது. மாமா கடை என்கிறார். ஜூன் கணக்கு முடிந்ததும் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.